பைலகுப்பேல திபெத்தியன் சாப்பாடு: சொந்தக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்கிற கேள்விகள்

கல்யாணம் ஆகி மைசூர் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. கோபி, ஈரோடு பக்கமிருந்து கூர்க் டூர் கிளம்புற சொந்தமெல்லாம் எங்க வீட்டுல ஒரு ராத்திரி தங்கிட்டுத்தான் போகும், போற வழியில பைலகுப்பே கோல்டன் டெம்பிள், கோயில் பார்த்து முடிக்கிறப்ப கரெக்டா பசிக்கும், அப்பதான் போன் வரும் "இங்க என்ன கண்ணு சாப்பிடறது"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் அதே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. போன மே மாசம் நாங்களே ஒன்பது பேர் ஒரு வண்டியில போனோம், மாமனார் மாமியார், எங்க பெரியப்பா, சித்தி, தம்பி, தம்பி பொண்டாட்டி, அவங்க ஆறு வயசு பொண்ணு, நானும் வீட்டுக்காரரும். அன்னைக்குக் கேட்ட கேள்வியும் அதுக்கு முன்னாடி பின்னாடி வந்ததும் சேர்த்து எழுதிட்டேன். இனிமே கேக்கறவங்களுக்கு லிங்க்தான்.

"அதென்ன கர்நாடகாவுல போயி திபெத்து? எங்க இருக்கு அது?"

மைசூர்ல இருந்து மடிகேரி போற ரோட்டுல சுமார் 80 கிலோமீட்டர், குஷால்நகருக்கு ஒரு ஆறு கிலோமீட்டர் முன்னாடி. ஆனா கூர்க் இல்லைங்க, இன்னும் மைசூர் மாவட்டம்தான், பெரியபட்டணா தாலுக்கா. 1959ல தலாய் லாமா இந்தியா வந்தாரில்லையா, அவர் பின்னாடி வந்த ஜனங்களுக்கு அப்போதைய மைசூர் அரசு இங்க காட்டு நிலம் கொடுத்துச்சு, 1960களோட ஆரம்பத்துல மரம் வெட்டி, யானையோட மல்லுக்கட்டி, மக்காச்சோளம் போட்டு உக்காந்தவங்க. நாம கோல்டன் டெம்பிள்னு சொல்றது நம்ட்ரோலிங் மடம், 1963ல ஆரம்பிச்சது, அந்தப் பெரிய தங்கச் சிலைங்க இருக்கிற கோயில் 1999ல திறந்தது. பக்கத்துலயே சேரா மடமும் இருக்கு.

ஊரைக் கேம்ப் கேம்ப்பா பிரிச்சு நம்பர் போட்டுத்தான் கூப்பிடுவாங்க, ஃபர்ஸ்ட் கேம்ப், ஃபோர்த் கேம்ப்னு. கோயில் வாசல்ல இருக்கிற கடைகள் டூரிஸ்டுக்கு. கொஞ்சம் உள்ள கேம்ப் பக்கம் போனா லாமாக்களும் ஊர்க்காரங்களும் சாப்பிடற சின்னச் சின்ன ஹோட்டல். என் ஓட்டு உள்ள இருக்கிறதுக்குத்தான்.

"சைனீஸ் மாதிரிதான இருக்கும்? ஃப்ரைடு ரைஸ், மஞ்சூரியன்?"

அதுவும் கிடைக்கும், மெனுவுல பாதி அதுதான் இருக்கும், ஆனா அதைச் சாப்பிட 80 கிலோமீட்டர் போகணுமா, நம்ம தெரு வண்டிக்கடையிலயே இருக்கே. திபெத்துச் சாப்பாடு தனி. அது கடல் மட்டத்துல இருந்து 4000 மீட்டருக்கும் மேல இருக்கிற ஊரு, அரிசி விளையாது, காய்கறி ரொம்பக் கம்மி, விளையறது பார்லி. அப்புறம் யாக் மாடு, அதோட பால், வெண்ணெய், கறி. குளிருக்கு மாவு, கொழுப்பு, சூடான சூப். இந்த மூணையும் மனசுல வெச்சுக்கிட்டு மெனுவைப் பாருங்க, எல்லாமே புரியும்.

"நாங்க சுத்த சைவம், அங்க வயித்துக்கு ஏதாச்சும் கிடைக்குமா?"

தாராளமா. எங்க மாமனார் முட்டை போட்ட கேக்கையே தொடமாட்டார், அவரே வயிறு நிறைய சாப்பிட்டுட்டு வந்தார். வெஜ் மோமோ, உருளைக்கிழங்கு மோமோ, வெஜ் தெந்துக் (மாவைப் பிய்ச்சுப் போட்ட சூப்பு), டிங்மோங்கிற ஆவியில வெச்ச பன்னுக்குத் தொட்டுக்கக் கீரையோ காளானோ கண்ணாடி நூடுல்ஸோ எல்லாம் உண்டு. மடத்தை ஒட்டி முழு சைவ ஹோட்டலும் இருக்கும், போர்டுல போட்டிருக்கான்னு பாருங்க. ஆனா போர்டுல இல்லாத கடையில மெனுவுல "வெஜ்"னு இருக்கிறதைப் பார்த்து மட்டும் ஆர்டர் பண்ணிடாதீங்க, அது ஒரு தனிக்கதை, கீழ வரும்.

"புத்தர் கோயில் வெச்சுக்கிட்டு எப்படிக் கறி திங்கிறாங்க?"

இதைக் கேக்காத ஆளே இல்ல, அதுவும் ஹோட்டல்ல உக்காந்துக்கிட்டு சத்தமா கேப்பாங்க, தயவு செஞ்சு மெதுவா கேளுங்க. மேல சொன்ன மாதிரி காய் விளையாத ஊர்ல இருந்து வந்த பழக்கம். ஒரு உயிரைக் கொன்னா ஒண்ணுதான்னா, சின்னச் சின்னதா நிறைய உயிரை எடுக்கிறதைவிட ஒரு பெரிய யாக்கை வெச்சு நிறைய பேர் பசியாறலாம்னு அவங்களுக்குள்ள ஒரு கணக்கும் உண்டு.

அதுக்காக அவங்களுக்குள்ள இந்தக் கேள்வி இல்லைன்னு நினைக்காதீங்க. 200 வருஷத்துக்கு முன்னாடியே ஷப்கார்னு ஒரு யோகி (1781-1851) கறியை விட்டுட்டு, மத்தவங்களையும் விடச் சொல்லி எழுதியிருக்கார். தலாய் லாமா 1965ல கறியை நிறுத்தி ஒன்றரை வருஷத்துக்கு மேல ஓட்டினார், அப்புறம் மஞ்சள் காமாலை வந்து டாக்டர்ங்க சொல்லி மறுபடி ஆரம்பிச்சார். 2007ல 17வது கர்மாபா, திபெத்து பௌத்தத்துல ஒரு பிரிவோட தலைவர், அவர் பிரிவு மடங்களோட சமையல்கட்டுல கறி வேண்டாம்னே சொல்லிட்டார். சாகா தாவான்னு அவங்க காலண்டர்ல நாலாவது மாசம் வரும், புத்தருக்கான மாசம், நம்மாளுங்க புரட்டாசியில கவுச்சியை விடற மாதிரி அந்த மாசம் நிறைய பேர் கறி தொடமாட்டாங்க. புரட்டாசின்னு சொன்னதும் எங்க பெரியப்பா "அப்ப நம்ம கேஸுதான்"னு சமாதானம் ஆயிட்டார்.

"மோமோன்னா நம்ம கொழுக்கட்டைதான?"

பார்க்க அப்படித்தான். மேல் மாவு மைதா, உள்ள பூரணத்துக்குப் பதிலா முட்டைக்கோஸ், கேரட், வெங்காயம், இஞ்சி, பூண்டு, சில இடத்துல பனீர் இல்லாட்டி சோயா. கோஸைப் பொடியா நறுக்கி உப்புப் போட்டுப் பிழிஞ்சிட்டுத்தான் வெப்பாங்க, இல்லைன்னா தண்ணி விட்டு மாவு கிழிஞ்சிரும். இட்லிக்குண்டா மாதிரி அடுக்கு அடுக்கா இருக்கிற அலுமினியப் பாத்திரத்துல ஆவியில வேகும். பொரிச்சதும் உண்டு, ஆனா முதல் தடவை போறவங்க ஆவியில வெச்சதையே வாங்குங்க, மாவு எவ்வளவு மெல்லிசா தேய்ச்சிருக்காங்கன்னு அப்பதான் தெரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உள்ள சூடான தண்ணி இருக்கும். எங்க தம்பி முழுசா வாயில போட்டுட்டு முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம கண்ணுல தண்ணி விட்டு நின்னான். ஓரத்துல சின்னதா கடிச்சு, ஆவியை விட்டுட்டு, அந்தத் தண்ணியை உறிஞ்சிட்டு அப்புறம் மீதி.

"துக்பா, தெந்துக், பக்துக், மோதுக்... இத்தனை துக் எதுக்கு, என்ன வித்தியாசம்?"

"துக்"னாலே மாவைப் போட்டுக் கொதிக்க வெச்ச சூப்புன்னு வெச்சுக்கோங்க, முன்னாடி வர்ற சொல்லு மாவோட வடிவம். துக்பா பொதுப்பேரு, ஹோட்டல்ல கேட்டா பெரும்பாலும் நீள நூடுல்ஸ் போட்டுக் கொடுப்பாங்க. கியாதுக்னா சைனா நூடுல்ஸ், இதுல முட்டை கலந்த நூடுல்ஸா இருக்க வாய்ப்பு அதிகம். பக்துக் குட்டிக் குட்டி உருண்டை மாதிரி. மோதுக்னா சூப்புக்குள்ள மோமோ மிதக்கும்.

தெந்துக்தான் நான் எல்லாருக்கும் சொல்றது. கேம்ப் உள்ள ஒரு கடையில சமையல்கட்டு நாம உக்கார்ற இடத்துல இருந்தே தெரியும், அங்க ஒரு வயசானவங்க ஊற வெச்ச மாவைக் கயிறு மாதிரி திரிச்சு மணிக்கட்டு மேல போட்டுக்கிட்டு, முனையை ரெண்டு விரல்ல தட்டையா அமுக்கி, பிய்ச்சு, கொதிக்கிற சட்டிக்குள்ள சுண்டி விடறாங்க, பிய்க்கறதும் சுண்டறதும் ஒரே அசைவு, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேசிக்கிட்டே, சட்டியைக்கூடப் பார்க்கலை. ஒவ்வொரு துண்டும் கட்டைவிரல் நகம் அளவு, கொஞ்சம் பெருசு. எங்க சித்தி தட்டை தட்டியே பேர் வாங்கினவங்க, எழுந்து போயி அந்த ஜன்னல்கிட்டயே நின்னுட்டாங்க. முள்ளங்கி, கீரை, உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாம் போட்டு வரும், ஒரு பௌல் ரெண்டு பேருக்குத் தாராளம்.

"டிங்மோன்னு ஒண்ணு வந்துச்சு, உள்ள ஒண்ணுமே இல்ல. ஏமாத்திட்டாங்களா?"

இல்லைங்க! அது பன்னு. மைதாவை ஈஸ்ட் போட்டுப் பொங்க வெச்சு, தேய்ச்சு எண்ணெய் தடவிச் சுருட்டி, முறுக்கி ஆவியில வெச்சது, அதனால இதழ் இதழா பிரியும். தனியா சாப்பிட்டா ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும், சட்னி இல்லாம இட்லியைத் தின்னுட்டு உப்பில்லைன்னு சொல்றது நியாயமா? குழம்பா எதாவது சைட்ல வாங்கணும். சைவத்துக்கு பிங் நல்லா இருக்கும், பாசிப்பயறு மாவுல செஞ்ச கண்ணாடி மாதிரி நூடுல்ஸ், கூட உருளைக்கிழங்கும் காளானும். "பிங் ஷா"ன்னு மெனுவுல இருந்தா அது கறியோட, அதை விட்டுடுங்க.

"உப்பு சப்பே இல்லையே, இதையா இவ்வளவு பில்டப் குடுத்த?"

உண்மையைச் சொன்னா எனக்கும் முதல் தடவை இப்படித்தான் தோணுச்சு. புரிஞ்சதுக்கப்புறம்தான் பிடிச்சது. நம்ம வீட்டுல காரம் புளி உப்பு எல்லாம் அடுப்புலயே முடிவாயிரும், சமைக்கிறவங்க கையில. இங்க பண்டத்தை மட்டா வெச்சுட்டு, காரத்தை டேபிள் மேல ஒரு கிண்ணத்துல வெச்சுடுவாங்க, அவங்கவங்க கை அளவு. அதனாலதான் ஒரே தெந்துக்கை ஆறு வயசுக் குழந்தையும் அல்சர் இருக்கிற எங்க மாமியாரும் காரம் இல்லாட்டி சாப்பாடே இறங்காத தம்பியும் பங்கு போட்டுச் சாப்பிட முடிஞ்சுது, வேற எந்த ஹோட்டல்லயும் எங்களுக்கு இது நடந்ததில்ல, எப்பவும் மாமியாருக்குத் தனியா தயிர் சாதம்தான்.

அந்த சிவப்புக் கிண்ணம் பேரு சீபென். காய்ஞ்ச மிளகாய், பூண்டு, தக்காளி. நல்ல கடையில யெர்மா போட்டிருப்பாங்க, அது சிச்சுவான் மிளகு, கடிச்சா காரம் இல்ல, நாக்கு மரத்துப் போகும், பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி ரெண்டு நிமிஷம். பயந்துடாதீங்க. முதல்ல நுனி ஸ்பூன்ல எடுத்துப் பாருங்க, நம்ம ஆளுங்க தக்காளிச் சட்னின்னு நினைச்சு ஒரு கரண்டி அள்ளிக்கிறாங்க.

"பட்டர் டீ குடிச்சே ஆகணுமாங்க்கா?"

ஆகணும்னு இல்ல. ஆனா ஒரு கப் வாங்கி எல்லாரும் ஒரு வாய் பாருங்க. தேயிலையை நல்லாக் கொதிக்க வெச்ச கஷாயம், உப்பு, வெண்ணெய், மூணையும் நீளமான மரக்குழாய்ல போட்டுக் கடைவாங்க, இப்ப பல இடத்துல மிக்ஸிதான். சர்க்கரை கிடையாது. டீன்னு நினைச்சுக் குடிச்சா குமட்டும், சூப்புன்னு நினைச்சுக் குடிச்சா இறங்கிரும். குளிருலயும் வறண்ட காத்துலயும் உதடு வெடிக்காம, உடம்புல சூடு நிக்க அவங்களுக்கு அது வேணும், மே மாசம் மைசூர் வெயில்ல நமக்கு எதுக்கு?

இதுக்கு அவங்க பாஷையில பேரு "போ ச்சா", திபெத்து டீன்னு அர்த்தம். எங்க பெரியப்பா ஒரு வாய் குடிச்சார், கப்பைக் கீழ வெச்சார், தம்பி பேரைப் படிச்சுச் சொன்னான், "போச்சா?"ன்னு. "போச்சு"ன்னார். அதோட முடிஞ்சுது. பிடிக்காதவங்களுக்கு "ச்சா ங்காமோ" இருக்கு, பாலும் சர்க்கரையும் போட்ட நம்ம டீ மாதிரிதான்.

"காலேஜ் பசங்க லாபிங் லாபிங்னு வீடியோ போடறாங்களே, அது என்ன?"

ஜில்லுனு இருக்கிற ஒரு வழுவழு ஐட்டம். வெள்ளை லாபிங்னா பாசிப்பயறு மாவுச்சத்தைத் தண்ணியில கரைச்சுக் கிண்டி, கண்ணாடி மாதிரி ஆனதும் கிண்ணத்துல ஊத்தி உறைய விடறது, நம்ம கடல்பாசி பதத்துக்கு வரும், ஓட்டை ஓட்டையா இருக்கிற வட்டத் துருவியால இழுத்தா நூல் நூலா வரும். மஞ்சள் லாபிங் கோதுமைல, மாவைப் பிசைஞ்சு தண்ணிக்குள்ளயே கசக்கிக் கழுவி, இறங்குற பாலைத் தட்டுல ஊத்தி ஆவியில வெச்சு மெல்லிசா எடுப்பாங்க, மஞ்சள் கலர் சேர்த்ததுதான். கழுவுனதுல மிச்சமாகிற ரப்பர் மாதிரி சமாச்சாரத்தையும் வேக வெச்சு உள்ள வெச்சுச் சுருட்டிடுவாங்க. மேல சோயா சாஸ், வினிகர், பூண்டுத் தண்ணி, மிளகாய் எண்ணெய்.

சைவம்தான். ஆனா மட்டா இருக்கும்னு நான் மேல சொன்னது இதுக்குப் பொருந்தாது, இது செம காரம், காரத்தைக் கலந்தே கொடுத்துருவாங்க. வயசானவங்களுக்கு வேண்டாம். தம்பி பொண்டாட்டி ரெண்டு பிளேட் சாப்பிட்டா.

"ஷாபாலே சோமாசி மாதிரியே இருக்கே, சைவத்துல கிடைக்குமா?"

சோமாசியேதான், இனிப்புக்குப் பதிலா கறி. பேர்லயே "ஷா" இருக்கு, கறி. சில கடையில காய் வெச்சும் பொரிச்சுக் கொடுப்பாங்க, கேட்டுப் பாருங்க. அதே எண்ணெய்ல கறி வெச்சதும் பொரியும், அது பரவாயில்லைன்னா வாங்குங்க.

"மெனுவுல வெஜ்னு போட்டிருந்தா நம்பலாமா இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லு."

மோமோவை நம்பலாம், சூப்பை விசாரிக்கணும். நான் பட்டதைச் சொல்றேன். மூணு வருஷம் முன்னாடி ஒரு கடையில, எந்தக் கடைன்னு வேண்டாம், வெஜ் துக்பா சொன்னோம், வந்துச்சு, பார்க்க காய்கறிதான், மாமனார் ரெண்டு ஸ்பூன் குடிச்சுட்டு "இதுல என்னமோ இருக்கு"ன்னார். கேட்டா சர்வ் பண்ணின பையன் கூலா சொல்றான், கறி இல்லைங்க, தண்ணி மட்டும் எலும்பு வேக வெச்சதுன்னு. அவன் ஏமாத்தலை. அவன் கணக்குல துண்டு இல்லைன்னா வெஜ். அன்னைக்கு மாமனார் வேற ஒண்ணும் சாப்பிடலை, வண்டியில ஒரு வார்த்தை பேசலை, வீட்டுக்கு வந்து குளிச்சுட்டுத்தான் தண்ணியே குடிச்சார்.

அதனால இப்ப கேக்கறது மூணு. சூப்புத் தண்ணி எதுல வெச்சது? நூடுல்ஸ்ல முட்டை இருக்கா? வதக்கறதுல ஆய்ஸ்டர் சாஸ் ஊத்துவீங்களா? அது சிப்பியில செய்யறது, பாட்டில் சாஸ்தானேன்னு சமைக்கிறவங்க அதைக் கணக்குலயே எடுத்துக்கிறதில்ல. மூணுக்கும் நேரா பதில் வந்தா உக்காருங்க. பையன் மேல பார்த்து யோசிச்சான்னா மோமோவும் டீயும் போதும்.

"ஒரே பாத்திரத்துல ரெண்டையும் வேக வெப்பாங்களே?"

வெப்பாங்க. அடுக்குல மேல் தட்டுல கறி மோமோ, கீழ்த் தட்டுல வெஜ்னு இருந்தா மேல இருந்து சொட்டும். சில கடைல ரெண்டுக்கும் வடிவத்தை மாத்தி மடிப்பாங்க, ஒண்ணு உருண்டை, ஒண்ணு பிறை, ஆனா எது எதுங்கிறது கடைக்குக் கடை மாறும், அதை வெச்சு நீங்களா முடிவு பண்ணாதீங்க. மனசு ஒப்பலைன்னா முழு சைவ ஹோட்டல்தான் வழி, இதுல சமாதானம் சொல்லி யாரையும் சாப்பிட வைக்கக்கூடாது.

"வெங்காயம் பூண்டு இல்லாம?"

கஷ்டம். மோமோ உள்ள வைக்கிறது காலைலயே கலந்து வெச்சிருப்பாங்க, அதுல ரெண்டும் இருக்கும். தெந்துக் அப்பப்ப செய்யறதுதான், கூட்டம் இல்லாத நேரம் பொறுமையா கேட்டா போடாம செஞ்சு தருவாங்க. அவங்களுக்கு இது புதுசு இல்ல, நியுங்னேன்னு ரெண்டு நாள் விரதம் ஒண்ணு இருக்கு, முதல் நாள் ஒருவேளைச் சாப்பாடு, அதுல கறி, முட்டை, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது, ரெண்டாம் நாள் பச்சைத் தண்ணிகூட இல்லாம பேசாம இருப்பாங்க. "விரதம்"னு சொன்னா உடனே பிடிச்சுக்கறாங்க.

"அஜினோமோட்டோ?"

போடறாங்க. வேண்டாம்னா ஆர்டர் பண்றப்பவே சொல்லிடுங்க. லாபிங் தண்ணியில முன்னாடியே கலந்திருக்கும், அதுல ஒண்ணும் பண்ண முடியாது.

"எனக்கு சுகர் இருக்கு, எல்லாம் மைதாவா இருக்கே கண்ணு?"

ஆமா, நான் மறைக்கலை. மோமோ, டிங்மோ, தெந்துக் மூணும் மைதா. சுகர்க்காரங்க நாலு மோமோ, ஒரு தட்டு வதக்கின கீரை, அதோட நிறுத்திக்கறது நல்லது. பிங்கும் மாவுச்சத்துதான், பயறுன்னு ஏமாந்துடாதீங்க.

அவங்க ஊரு அன்றாடச் சாப்பாடு உண்மையில மைதா இல்ல, ட்சம்பா. பெரியப்பா "சம்பா அரிசியா?"ன்னார். அரிசி இல்ல, பார்லியைச் சூடான மணல்ல போட்டு வறுத்து, சலிச்சு, அரைச்ச மாவு. வறுத்ததால திரும்ப வேக வைக்க வேண்டாம், கிண்ணத்துல கொஞ்சம் பட்டர் டீ, மாவு, வெண்ணெய் போட்டு விரலாலயே பிசைஞ்சு உருட்டி வாயில போட்டுக்க வேண்டியதுதான், நம்ம சத்துமாவு உருண்டை பிடிக்கிற அதே கை. ஹோட்டல்ல இது அபூர்வம், கேம்ப் மளிகைக் கடையில பாக்கெட்டா கிடைக்கும். நான் வாங்கிட்டு வந்து மோர்ல கரைச்சுக் குடிக்கிறேன், கம்பங்கூழ்க் குடும்பத்துல பொறந்தவளுக்கு அப்படித்தான் புத்தி போகும்.

"பாப்பா என்ன சாப்பிடுவா?"

டிங்மோவைப் பிய்ச்சு வெண்ணெய் தடவிக் கொடுங்க. அவ்வளவுதான். எங்க பாப்பா அதை இதழ் இதழா உரிச்சு விளையாடிக்கிட்டே ரெண்டு முடிச்சுட்டா. சுர்ப்பின்னு கல்லு மாதிரி ஒரு காய்ஞ்ச சீஸ் வெளிய கடையில தொங்கும், மணிக்கணக்கா வாயில ஊற வெச்சு மெல்லறது, சின்னக் குழந்தைக்குக் கொடுக்காதீங்க, தொண்டையில மாட்டும். பால் பல் ஆடிக்கிட்டிருந்தாலும் வேண்டாம்.

"ஒன்பது பேருக்கு எவ்வளவு சொல்றது? நீங்க என்ன சொன்னீங்க?"

ஆளுக்கு ஒண்ணு சொல்லாதீங்க, அதுதான் எல்லாரும் பண்ற தப்பு, தெரியாத ஐட்டத்தை ஒரு முழு பௌல் முன்னாடி வெச்சா பிடிக்கலைன்னாலும் காசு போச்சேன்னு முழுங்குவாங்க, அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பக்கம் வரமாட்டாங்க. நாங்க முதல் ரவுண்டு சொன்னது வெஜ் மோமோ மூணு பிளேட், உருளைக்கிழங்கு மோமோ ஒண்ணு, தெந்துக் ரெண்டு, டிங்மோ ஆறு, பிங் ஒண்ணு, கீரை ஒண்ணு, போ ச்சா ஒரே கப். காலி பௌல் எக்ஸ்ட்ரா கேட்டு வாங்கிக்கிட்டோம். ரெண்டாவது ரவுண்டுல எது ஓடுதோ அதை மட்டும். தெந்துக் இன்னும் ரெண்டு வந்துச்சு, லாபிங் வந்துச்சு, மாமனார் யாரும் கேக்காமயே "அந்தக் கொழுக்கட்டை இன்னொரு தட்டு சொல்லும்மா"ன்னார். சித்திக்கு மட்டும் ஒண்ணும் பிடிக்கலை, சமைக்கிறதைப் பார்க்கத்தான் பிடிச்சுது, வெளிய வந்து பேக்கரியில பன்னு வாங்கிக்கிட்டாங்க. இருக்கட்டும், அப்படியும் ஒருத்தர் இருப்பாங்க.

சொன்னதெல்லாம் ஒண்ணா வராது. தெந்துக் அப்பதான் பிசைஞ்சு பிய்ச்சுப் போடறாங்க, அரைமணி நேரம் ஆகும். பசியோட கோவமா இருக்கிற ஆளுக்கு முதல்ல மோமோ சொல்லிடுங்க.

"குச்சியில சாப்பிடணுமா?"

ஸ்பூன் கேளுங்க, ஃபோர்க் கேளுங்க, தருவாங்க. மோமோவுக்கும் டிங்மோவுக்கும் கைதான். அவங்களே அப்படித்தான் சாப்பிடறாங்க.

"நமக்கு தமிழ் மட்டும்தான் தெரியும், எப்படிப் பேசறது?"

கன்னடம், ஹிந்தி ரெண்டும் அவங்களுக்கு ஓடும். ஸ்வெட்டர் விக்கக் குளிர்காலத்துல ஊர் ஊரா போறவங்க அதிகம், ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் பக்கத்துல மார்க்கெட்டே வெச்சிருக்காங்களே, அதனால தமிழ்ல "காரம் வேணுமா"ன்னு கேக்கற ஆளும் தட்டுப்படும். நீங்க நாலு சொல்லு கத்துக்கிட்டா போதும். "ஷா"ன்னா கறி. "ஷா மே"ன்னா கறி இல்ல. "ட்சேல்"னா காய்கறி, "ஷோகோ" உருளைக்கிழங்கு. நன்றிக்கு "துக் ஜே சே".

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. "ஷாமோ"ன்னா காளான். "ஷா"ன்னு பார்த்ததும் கறின்னு ஒதுக்கிடாதீங்க, சைவத்துல இருக்கிறதுலயே நல்ல ஐட்டம் அதுவாத்தான் இருக்கும். அதே மாதிரி "ச்சா" டீ, "ஷா" கறி, தமிழ் வாய்க்கு ரெண்டும் ஒண்ணாத்தான் வரும், டீ கேக்கறப்ப கப்பைக் காட்டிக் கேளுங்க. கடைக்கார அம்மாவை "ஆமா லா"ன்னு கூப்பிடலாம். ஆமான்னா அம்மாவேதான், லா நம்ம "ங்க" மாதிரி மரியாதைக்கு. எங்க மாமியார் "அம்மாங்க"ன்னே கூப்பிட்டாங்க, அவங்களும் திரும்பிப் பார்த்தாங்க.

"எந்த நாள் போகக்கூடாது?"

லோசார் சமயம், அவங்க புது வருஷம், பெரும்பாலும் பிப்ரவரி மார்ச்ல வரும், கடைங்க பாதி மூடியிருக்கும். மார்ச் 10ம் தேதி கண்டிப்பா வேண்டாம், 1959ல லாசாவுல நடந்த எழுச்சியோட நினைவு நாள், கடையை அடைச்சுட்டு எல்லாரும் அங்க போயிருவாங்க. ஜூலை 6 தலாய் லாமா பிறந்தநாள், அன்னைக்கும் ஹோட்டலை நம்பிப் போகாதீங்க.

லோசாருக்கு முந்தின மாசத்தோட 29ம் நாள் ராத்திரி குதுக்னு ஒரு சூப் வீட்டுல வெப்பாங்க, ஒன்பது சாமான் போட்டு. அதுல பெரிய மாவு உருண்டைக்குள்ள ஒவ்வொண்ணை ஒளிச்சு வெச்சிருப்பாங்க, மிளகாய் வந்தா வாயாடி, கரி வந்தா மனசு கருப்பு, கம்பளி வந்தா நல்ல மனசு. இது ஹோட்டல்ல கிடைக்காது, யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டாத்தான். எங்க வீட்டுல செஞ்சா யாருக்கு மிளகாய் வரும்னு எல்லாருக்கும் தெரியும்.

"மிச்சமானதை பார்சல் வாங்கிக்கலாமா? கூர்க் போயி ராத்திரி சாப்பிடலாம்ல?"

தெந்துக் வேண்டாம், போற வழியிலேயே மாவு தண்ணியை எல்லாம் குடிச்சுக் களி ஆயிரும். மோமோவும் டிங்மோவும் வாங்கலாம், ஆறினா தோல் விறைச்சுக்கும், ஹோம்ஸ்டேல இட்லிக்குண்டா கேட்டு அஞ்சு நிமிஷம் ஆவி காட்டுங்க, இல்லைன்னா தோசைக்கல்லுல எண்ணெய் விட்டு அடிப்பக்கம் மொறுமொறுன்னு ஆகிற வரைக்கும் விடுங்க, இது எனக்கு ஹோட்டல்ல சாப்பிட்டதைவிடப் பிடிக்கும். சீபெனைத் தனி டப்பாவுல வாங்குங்க, பிளாஸ்டிக் கவர்ல கட்டிக் கொடுத்தா வேண்டாம்னு சொல்லிடுங்க, எங்க வண்டி பின் சீட்டுல அந்த சிவப்புக் கறை இன்னும் போகலை.